ஆணி இல்லாமல் கடல் கடந்த கப்பல்… அடுத்த பலகையை வளைக்க ஆள் உண்டா?

'கௌண்டின்யா' மஸ்கட் போய்ச் சேர்ந்துவிட்டது. பாராட்டு விழாக்கள் முடிந்தபின் மிச்சமிருக்கும் கேள்வி ஒன்றுதான்: அதைக் கட்டிய கைகளுக்கு அடுத்த வேலை எங்கே?

ஆவிப்பெட்டியின் மூடி திறந்ததும் குப்பென்று வெள்ளை ஆவி கிளம்புகிறது. கையில் ஈரச்சாக்கைச் சுற்றிக்கொண்ட ஆட்கள் உள்ளேயிருந்து நீளமான பலகையை உருவி, ஓட்டமும் நடையுமாகக் கப்பலின் பக்கவாட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். ஒரு முனையை வைத்துக் கிளாம்பு போட்டு இறுக்கியாயிற்று. மறுமுனை இன்னும் அந்தரத்தில் நிற்கிறது. கயிற்றைப் போட்டு இழுக்க இழுக்க, காலையில் விறைத்துக் கிடந்த மரம் முனகிக்கொண்டே வளைகிறது. எல்லோரும் இழுக்கிறார்கள், குரல் கொடுப்பவர் ஒருவர் மட்டும்தான். அந்த மேஸ்திரி பலகையைத் தொடக்கூட இல்லை. பத்தடி தள்ளி நின்று, வளைவு எங்காவது முறிகிறதா என்று கண்ணை இடுக்கிப் பார்க்கிறார். கிடைப்பது சில நிமிடம். சூடு இறங்கிவிட்டால் மரம் மறுபடி விறைத்துக்கொள்ளும். அதற்கு மேலும் இழுத்தால் நார் பிளக்கும்; பலகை விறகுக்குப் போகும்.

பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டும் தையல் கப்பல் தளங்களில் ஒவ்வொரு பலகைக்கும் இந்தக் கூத்து உண்டு. கோவாவில் உருவான 'ஐ.என்.எஸ்.வி. கௌண்டின்யா'வின் பலகைகளும் இப்படி ஆவியில் வெந்து வளைந்தவைதான். சமூக ஊடகங்களில் எல்லோரும் அதன் பாயைப் பார்த்தார்கள், முகப்பில் நின்ற யாளியைப் பார்த்தார்கள். கப்பலைத் தண்ணீரில் நிறுத்தியது பலகைக்கும் பலகைக்கும் நடுவில் ஓடும் பொருத்துவாய். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

சுவரோவியத்திலிருந்து கடலுக்கு

கதை சுருக்கமானது. அஜந்தா குகையில் ஒரு கப்பல் ஓவியம் இருக்கிறது. காலம் 5-ஆம் நூற்றாண்டு. அதைப் பார்த்து ஒரு நிஜக் கப்பல் கட்டுவது என்று மத்திய கலாசார அமைச்சகம், இந்தியக் கடற்படை, கோவாவின் ஹோடி இன்னொவேஷன்ஸ் நிறுவனம் ஆகிய மூன்றும் 2023 ஜூலையில் ஒப்பந்தம் போட்டன. அந்தக் காலத்துக் கப்பலின் வரைபடம் கிடையாது, உடைந்த பாகம்கூடக் கையில் கிடையாது. சுவரில் தீட்டிய சித்திரத்தை வைத்துக் கடற்படைப் பொறியாளர்கள் வடிவம் கணித்தார்கள். அந்த வடிவம் தண்ணீரில் எப்படி நடந்துகொள்ளும் என்று சிறிய மாதிரியை வைத்துச் சோதித்தது சென்னை ஐ.ஐ.டி.யின் கடல் பொறியியல் துறை. பலகையைக் கையில் எடுத்தவர்கள், தலைமைக் கைவினைஞர் பாபு சங்கரனும் அவருடன் வந்த கேரளத் தச்சர்களும்.

இதற்கு முன்னும் இப்படி நடந்திருக்கிறது. 1980-இல் ஓமனின் சூர் நகரில் கடற்பயணி டிம் செவரின் கட்டிய 'சோஹார்', மலபார் மரத்தாலும் லட்சத்தீவுத் தையல்காரர்களின் கையாலும் உருவாகிச் சீனாவின் கான்டன் வரை போனது. 2010-இல் 'ஜுவல் ஆஃப் மஸ்கட்' ஓமனிலிருந்து சிங்கப்பூருக்குப் போனது. 1998-இல் இந்தோனேசியாவின் பெலிதுங் தீவருகே கண்டெடுக்கப்பட்ட 9-ஆம் நூற்றாண்டுக் கப்பல்தான் அதற்கு மாதிரி. இரண்டும் வெற்றிப் பயணங்கள். பிறகு அவை எங்கே போயின என்பதைக் கட்டுரையின் கடைசிப் பகுதியில் பார்ப்போம்.

▣ பெட்டிச் செய்தி: கௌண்டின்யா
• ஏராக்கட்டை (கப்பலின் அடிமரம்) வைத்த நாள்: 2023 செப்டம்பர் 12
• தண்ணீரில் இறங்கியது: 2025 பிப்ரவரி
• கடற்படையில் சேர்ந்தது: 2025 மே 21, கார்வார்
• முதல் வெளிநாட்டுப் பயணம்: 2025 டிசம்பர் 29-இல் போர்பந்தரில் கிளம்பி, 2026 ஜனவரி 14-இல் மஸ்கட் சேர்ந்தது
• சதுரப் பாய்கள், திசை திருப்பத் துடுப்பு, இன்ஜின் இல்லை
• பலகைகளைச் சேர்ப்பது தென்னை நார்க் கயிறு. பொருத்துவாயை மூடுவது தேங்காய் நாரும் பிசினும் மீன் எண்ணெயும்
• பெயர்: இந்தியாவிலிருந்து தென்கிழக்கு ஆசியாவுக்குப் போனதாக மரபு சொல்லும் கடலோடியுடையது

பலகை முதலில், வங்கு பிறகு

இன்று பெரும்பாலான மரப்படகுகளில் முதலில் ஏராவை வைப்பார்கள். அதன்மேல் வரிசையாக, விலா எலும்பு போன்ற வங்குகளை நிறுத்துவார்கள். கடைசியில் வெளியே பலகை அடிப்பார்கள். வடிவத்தைத் தீர்மானிப்பது வங்கு. பலகை அதை ஒட்டிப் போனால் போதும்.

தையல் கப்பலில் எல்லாம் தலைகீழ். ஏரா வைத்ததும் அதை ஒட்டி முதல் பலகை, அதன் விளிம்போடு விளிம்பு சேர்த்து இரண்டாம் பலகை என்று கூடு எழும்பும். வங்குகள் அதன்பிறகே உள்ளே வந்து சேரும். அதாவது கப்பல் எவ்வளவு அகலம், எங்கே ஒடுங்கும், முன்பக்கமான அணியம் எந்தக் கோணத்தில் ஏறும் என்பதையெல்லாம் பலகைகளே முடிவுசெய்கின்றன. ஒவ்வொரு பலகையையும் எந்தச் சாய்வில் நிறுத்துகிறோம் என்பதில்தான் வடிவமே அடங்கியிருக்கிறது.

தப்பு நடந்தால் அது உடனே கண்ணுக்குத் தெரியாது. மூன்றாவது பலகையில் விரற்கடை பிசகினால் ஏழாவது, எட்டாவது வரும்போது ஒரு பக்கம் வீங்கியும் மறுபக்கம் ஒட்டியும் நிற்கும். அப்போது திருத்த வேண்டுமானால் நடுவில் போட்ட தையலையெல்லாம் பிரிக்க வேண்டும். இடது பக்கம் ஒரு பலகை ஏறினால் வலது பக்கம் அதன் ஜோடி ஏறும்வரை மேஸ்திரிகள் மேலே போகாமல் இருப்பது இதனால்தான்.

தட்டைப் பலகை உருண்டை வயிற்றில் உட்காருவது எப்படி?

மர அறுப்பு ஆலையிலிருந்து வரும் பலகை நேர்கோடு. கப்பலின் வயிறு நடுவில் பருத்து இரண்டு முனையிலும் குறுகும். நேரான பலகைகளை அப்படியே சுற்றினால் முனைகளில் ஒன்றின்மேல் ஒன்று ஏறும், நடுவில் இடைவெளி வாய் பிளக்கும். தட்டைத் துணியை வெட்டி உடம்புக்குச் சட்டை தைக்கும் தையற்காரரின் கணக்குதான் இங்கேயும். மெல்லிய அச்சுப் பலகை ஒன்றை இடத்தில் வைத்து, கீழே நிற்கும் பலகையின் விளிம்பு எப்படி ஓடுகிறது என்று அதில் குறித்துக்கொள்வார்கள். அதைக் கீழே இறக்கித் தரையில் கிடத்தினால், நேராக ஓடும் என்று நினைத்த கோடு வில்லாகவும் நெளியாகவும் தெரியும். புதுப் பலகையை அந்த நெளிவோடு வெட்டினால்தான் அது கப்பலில் ஏறியபின் ஒழுங்கான கோடாக ஓடும்.

வெட்டிய பலகை ஆவிக்குப் போகும். அங்குலத் தடிமனுக்கு ஒரு மணி நேரம் என்பது உலகெங்கும் மரப்படகுத் தச்சர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. மரத்தின் நார்களைப் பிடித்துவைத்திருக்கும் லிக்னின் ஈரமும் சூடும் சேரும்போது இளகுகிறது. ஆறியதும் மறுபடி இறுகி, புது வளைவை மரத்தின் குணமாகவே ஆக்கிவிடுகிறது.

பொறுமையைச் சோதிப்பது அதற்கு அடுத்த கட்டம். நிற்கும் பலகையின் விளிம்பில் கரியோ செங்காவியோ பூசுவார்கள். புதுப் பலகையை வைத்து அழுத்திக் கழற்றினால், மேடாக இருக்கும் இடத்தில் மட்டும் நிறம் ஒட்டியிருக்கும். அந்த மேட்டை இழைப்புளியால் சீவிவிட்டு மறுபடி மாட்டிப் பார்ப்பார்கள். விளிம்பு முழுக்க ஒரே சீராக நிறம் பிடிக்கும்வரை கழற்றுவதும் மாட்டுவதும் தொடரும். இடுக்கில் எதையாவது திணித்துச் சமாளிக்கலாமே என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. ஆணி அடித்த தோணியில் பொருத்துவாயில் பஞ்சைத் திணித்து 'கலப்பத்து' அடிக்கலாம். பலகை அசையாமல் ஆணி பிடித்துக்கொள்ளும். தையல் கப்பலில் இடுக்கில் ஆப்பு மாதிரி எதையும் அடித்தால் அது பலகைகளைப் பிரித்துக் கயிற்றையே பதம் பார்க்கும். மரமும் மரமும் முழுக்க முத்தமிட்டாக வேண்டும்.

பிறகு விளிம்பை ஒட்டி வரிசையாகத் துளைகள். பொருத்துவாயின் மேல் தேங்காய் நாரைத் திரிபோல் வைத்து, உள்ளே ஒருவர், வெளியே ஒருவர் நின்று கயிற்றைக் கோத்து வாங்குவார்கள். நெம்புகோல் போட்டு இறுக்கி, கொட்டாப்புளியால் தட்டி, கயிறு தளராதபடி துளையில் நாரைச் செருகி அடைப்பார்கள். தண்ணீரில் இறங்கியதும் பலகை ஊதும், நாரும் ஊதும். தச்சர் விட்டுவைத்த மயிரிழை இடைவெளியைக் கடல்நீரே அடைத்துவிடும்.

▣ பெட்டிச் செய்தி: பலகையில் மேஸ்திரி என்ன பார்க்கிறார்?
• *ரேகை:* மரத்தின் ரேகை பலகையின் நீளத்தோடு ஓட வேண்டும். குறுக்கே வெளியேறினால் வளைக்கும்போது அங்கேதான் பிளக்கும்.
• *கணு:* வளைவு அதிகமான இடத்தில் கணு வரக்கூடாது. விளிம்பிலும் கூடாது, அங்கே துளை விழ வேண்டும்.
• *வெள்ளை மரம்:* பட்டையை ஒட்டிய வெளிர்ப்பகுதி சீக்கிரம் உளுக்கும். வைரம் பாய்ந்த உள்மரமே பலகைக்கு உரியது.
• *மூட்டு:* ஒரு வரிசையில் இரு பலகைகள் சேரும் இடத்துக்கு நேர் மேலேயோ கீழேயோ இன்னொரு மூட்டு வரக்கூடாது.
• *ஈரம்:* மரம் காயும்போது எல்லாத் திசையிலும் ஒரே அளவு சுருங்குவதில்லை. வளையத்தின் போக்கில் ஏற்படும் சுருக்கம், மையத்திலிருந்து வெளிப்புறமாக ஏற்படுவதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. அறுத்த விதம் தெரியாமல் பலகை எடுத்தால் பொருத்துவாய் காட்டிக்கொடுக்கும்.

மெரினாவுக்கு இது புதிதல்ல

சென்னைக்குத் துறைமுகம் வருவதற்கு முன், கப்பல்கள் கடலில் தள்ளியே நங்கூரமிடும். ஆளும் சரக்கும் உடையும் அலையைத் தாண்டிக் கரைக்கு வந்தது மசூலா படகில். அதுவும் தையல் படகுதான், வங்குகளே கிடையாது. வெறும் பலகைகளைக் கயிற்றால் தைத்த கூடு. விறைப்பான ஐரோப்பியப் படகுகள் மணலில் மோதி உடைந்த இடத்தில், மசூலா நெளிந்து கொடுத்துக் கரையேறியது. மதராஸ் மாகாண மீன்வளத்துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகுகளைப் பற்றி 1920-இல் எழுதிய ஆய்வு இன்றும் ஆராய்ச்சியாளர்களின் கையேடு. துறைமுகம் வந்தபின் பயணிகள் மசூலாவை மறந்தார்கள். கரைவலை இழுப்பவர்களிடம் அது நெடுநாள் இருந்தது.

ஆணி அடித்த மரக்கலத்திலும் தமிழர் கை தாழவில்லை. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி'யை வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். 'ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன்' என்று பெயர் மாறிய அந்தப் பாய்க்கப்பல், வல்வெட்டித்துறை மாலுமிகளோடு 1938-இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. தூத்துக்குடித் தோணிகள் மாலத்தீவுக்கும் லட்சத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப்போன வழித்தடம் எல்லோருக்கும் தெரிந்தது.

▣ பெட்டிச் செய்தி: இரண்டு பயணிகள், இரண்டு தீர்ப்பு
13-ஆம் நூற்றாண்டில் ஹோர்முஸ் துறைமுகத்தில் தையல் கப்பல்களைப் பார்த்த மார்க்கோ போலோ முகம் சுளித்தார். ஆணி இல்லாத இவற்றில் ஏறுவது ஆபத்து என்பது அவர் கருத்து. அடுத்த நூற்றாண்டில் வந்த இபின் பதூதா வேறு மாதிரிச் சொன்னார்: பாறை நிறைந்த கடலில் ஆணி அடித்த கப்பல் மோதினால் உடையும், கயிற்றால் தைத்தது நெகிழ்ந்து கொடுத்துத் தப்பும். அலையில் நனைந்து பிழைத்தவர்களின் ஓட்டு பதூதாவுக்கே.

மரம்: முதல் முட்டுக்கட்டை

இனி, இந்தத் தொழில் ஏன் தேய்ந்தது என்பதற்கு வருவோம். நல்ல படகுப் பலகைக்கு நீளமும் நேரான ரேகையும் வைரமும் வேண்டும். மேற்குக் கரையில் அயினி, தேக்கு. நம் பக்கம் இலுப்பை, வாகை. வங்குக்குப் பிறவியிலேயே வளைந்த கருவேலம். இப்படி ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு மரத்தைப் பழகிவைத்திருந்தார்கள். தச்சரே தோப்புக்குப் போய், நிற்கும் மரத்தைப் பார்த்து, 'இது அணியத்துக்கு, இது வங்குக்கு' என்று குறிவைத்துவிட்டு வருவார்.

1996 டிசம்பர் 12-இல் கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுக்குப் பின், ஒப்புதல் பெற்ற செயல்திட்டம் இல்லாமல் காட்டு மரத்தில் கோடரி வைக்க முடியாது. காடுகளுக்கு அது தேவையான காவல்; அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் படகுத் தொழிலுக்கு மாற்று வழி எதையும் யாரும் யோசிக்கவில்லை. கேரளத்தின் பேப்பூரில் 'உரு' என்ற மரக்கப்பல் கட்டுபவர்களே மலேசிய மரத்தை இறக்குமதி செய்யும் நிலை வந்தது. ஆலையில் அறுத்து அடுக்கிய சதுரக் கட்டைகளிலிருந்து பலகை எடுக்கும்போது, இயற்கையான வளைவு என்ற பெரிய வசதி போய்விடுகிறது. வளைந்த உறுப்பை நேர்க்கட்டையிலிருந்து செதுக்கினால் ரேகை அறுபடும். மரமும் வீணாகும், பலமும் குறையும்.

கயிற்றிலும் இதே கதை. பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நாருக்குப் பஞ்சமில்லை. ஆனால் இயந்திரத்தில் அடித்தெடுக்கும் பழுப்பு நார் வேறு. பச்சை மட்டையை உப்பங்கழியில் மாதக்கணக்கில் ஊறப்போட்டு, அடித்து, கையால் திரிக்கும் நார் வேறு. கப்பலைத் தைப்பது இரண்டாவது வகை. அதைத் திரித்துத் தந்த கேரளக் கடலோரப் பெண்களின் பெயர் எந்தக் கப்பலின் கல்வெட்டிலும் இல்லை. அவர்கள் கையை விட்டால் தச்சர் இருந்தும் பயனில்லை.

ஃபைபர்: ஓடாவியைத் தேடாத படகு

தமிழகக் கரையில் 1980-களில் நுழைந்த ஃபைபர் படகு, 2004 சுனாமிக்குப் பின் வெள்ளமாக வந்தது. கட்டுமரமும் வள்ளமும் இழந்த மீனவர்களுக்குத் தொண்டு நிறுவனங்கள் அள்ளிக்கொடுத்தவை பெரும்பாலும் ஃபைபர் படகுகள். அவை இலகு, வேகம் அதிகம், மோட்டாரும் சுலபமாக ஏறும். அச்சு ஒன்று இருந்தால் நூறு படகு வார்க்கலாம். மீனவரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆண்டுக்காண்டு பலகை மாற்றிக் கலப்பத்து அடிக்கும் செலவு மிச்சம்.

இங்கேதான் யாரும் கவனிக்காத இழப்பு. தையல் படகின் பெரிய குறையே கயிறு மக்குவது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரித்து மறுபடி தைக்க வேண்டும். ஆணி அடித்த தோணியும் தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் கரையில் ஒதுங்கும்போது கலப்பத்து கேட்கும். உளுத்த பலகையை எடுத்துவிட்டுப் புதுப் பலகை ஏற்றச் சொல்லும். புதுப்படகு எப்போதோ ஒன்று. பழுது ஆண்டுதோறும் வரும். படகுத் தச்சரான ஓடாவியின் வீட்டுப் பையன் தொழில் கற்றது அந்தப் பழுது வேலையில்தான். நல்ல பலகையை நம்பி யாரும் பன்னிரண்டு வயதுப் பையன் கையில் கொடுக்கமாட்டார்கள். பழைய பலகையைக் கழற்றச் சொல்லிக் கொடுப்பார்கள். கழற்றிக் கழற்றியே பெரியவர் எப்படிப் பொருத்தினார் என்று அவன் படித்துக்கொண்டான். படகின் பலவீனம் என்று நாம் நினைத்ததுதான் தொழிலின் பள்ளிக்கூடமாக இருந்தது. பழுது கேட்காத படகு வந்ததும் அந்தப் பள்ளிக்கூடம் மூடப்பட்டது.

ஏட்டுப் படிப்பு இதை ஈடுகட்டாது. கப்பல் சாத்திரம், நாவாய் சாத்திரம் என்று தமிழில் சுவடிகள் உண்டு, அச்சிலும் வந்திருக்கின்றன. அவற்றைப் படித்துவிட்டுக் கரியைப் பூசிப் பார்த்து விளிம்பைச் சீவும் கை யாருக்கும் வந்துவிடாது.

ஃபைபரின் கணக்கும் இன்னும் முடியவில்லை. உடைந்த மரப்படகு விறகாகும், மண்ணாகும். உடைந்த ஃபைபர் படகை மறுசுழற்சி செய்வது கடினம்; கடற்கரை மணலில் அது அப்படியே கிடக்கும்.

முந்தைய இரண்டு கப்பல்கள் எங்கே?

'சோஹார்' இன்று மஸ்கட்டில் அல் புஸ்தான் அரண்மனை ஹோட்டல் அருகே ஒரு ரவுண்டானாவில் நிற்கிறது. ஓமன் பரிசாகக் கொடுத்த 'ஜுவல் ஆஃப் மஸ்கட்' சிங்கப்பூரில் காட்சிப்பொருளானது. இரண்டுக்கும் மரியாதைக் குறைவில்லை. ஆனால் கரையில் நிற்கும் கப்பல் பழுது கேட்காது. பழுது கேட்காத கப்பல் யாருக்கும் தொழில் கற்றுத்தராது.

வேறு பாதைகளும் உண்டு. டென்மார்க்கின் ரோஸ்கில்டே வைக்கிங் கப்பல் அருங்காட்சியகம் தனக்கென்று ஒரு படகுத்தளம் வைத்திருக்கிறது. அங்கே கட்டிய 'சீ ஸ்டாலியன்' 2007-இல் டப்ளின் வரை போனது. பார்வையாளர்கள் முன்னிலையிலேயே பலகை பிளப்பதும் பொருத்துவதும் நடக்கின்றன. ஐந்து நார்டிக் நாடுகள் சேர்ந்து கேட்டு, தங்கள் படகு கட்டும் மரபுக்கு 2021-இல் யுனெஸ்கோ அங்கீகாரம் வாங்கின. இந்தோனேசியாவின் தெற்கு சுலாவெசியில் 'பினிசி' கட்டும் கலைக்கு அதே அங்கீகாரம் 2017-இல் கிடைத்தது. அங்கே தானா பெரு, பிரா, பத்து லிச்சின் ஊர்களில் சுமார் 70 சதவீதம் பேர் படகு கட்டுவதையும் கடலோடுவதையும் நம்பிப் பிழைக்கிறார்கள் என்கிறது யுனெஸ்கோ பதிவு. சரக்குக் கப்பல் காலம் போனபின் சுற்றுலாப் படகுகள் அவர்களுக்கு வேலை கொடுத்தன. பட்டியலில் பெயர் ஏறுவதற்கு முன்பே அவர்கள் கையில் ஆர்டர் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இனி என்ன?

நமக்குத் தேவை இன்னொரு பிரம்மாண்டக் கப்பல் அல்ல. பல சின்னப் படகுகள். உப்பங்கழிகளிலும் ஏரிகளிலும் சுற்றுலாத்துறை ஓட்டும் படகுகளில் ஒரு பங்கை மரத்தில் கட்டச் சொன்னாலே சில பட்டறைகள் தொடர்ந்து இயங்கும். தேக்குத் தோட்டங்களில் வெட்டும் மரத்தில் படகுக்கென்று நீளமான, வளைந்த துண்டுகளைத் தனியே ஒதுக்குவதற்குச் சட்டத்தை மாற்ற வேண்டியதில்லை. வனத்துறையின் ஓர் ஆணை போதும். தொழிற்பயிற்சி நிலையங்களில் மரப்படகு வேலையை ஒரு பாடமாக வைத்து, வயதான ஓடாவிகளைச் சான்றிதழ் கேட்காமல் ஆசிரியர்களாக அமர்த்த வேண்டும். சென்னை ஐ.ஐ.டி. போன்ற நிறுவனங்கள், மிச்சமிருக்கும் தோணிகளைப் பலகை பலகையாக அளவெடுத்து வைக்கலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் கௌண்டின்யா. அதன் கயிறும் ஒருநாள் தளரும். அதை வெட்கப்பட வேண்டிய விஷயமாக நினைத்துக் கண்ணாடிக் கூண்டில் ஏற்றிவிட்டால், மூன்றாவது முறையாகவும் உலகம் அதே பிழையைச் செய்ததாகிவிடும். கப்பலைக் கடலில் ஓடவிட வேண்டும். தளரும்போது கரையேற்றிப் பிரித்துத் தைக்க வேண்டும். அந்த வேலைக்கான தேதியையும், அதில் கற்றுக்கொள்ளச் சேரும் பையன்களுக்கும் பெண்களுக்கும் கொடுக்கப்போகும் சம்பளத்தையும் கலாசார அமைச்சகம் இந்த ஆண்டு பட்ஜெட்டிலேயே எழுதிவிடட்டும்.